12/50: மலைப் படம் வாங்கும்போது நான் பார்ப்பது

படத்துக்குக் கீழே வெள்ளை ஓரத்தில் பென்சிலால் 12/50 என்று எழுதியிருக்கும். பக்கத்தில் போட்டோகிராபரின் கையெழுத்து. மொத்தம் ஐம்பது பிரிண்ட்தான் போடுவோம், இது பன்னிரண்டாவது என்று அர்த்தம். மலைப் படங்கள் விற்கிற கேலரிகளில் இந்த எண்ணைத்தான் முதலில் காட்டுகிறார்கள். "நாற்பது போயாச்சு, பத்துதான் பாக்கி" என்பார்கள். கலிபோர்னியாவுக்குக் குடிவந்ததிலிருந்து சியரா நெவாடா மலைப் படங்களைத் தேடித் தேடிப் பார்க்கிறேன், கையில் காசு சேரும்போது வாங்கவும் செய்கிறேன். அந்த எண் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது சொல்லாமல் விடுகிற விஷயங்கள்தான் அதிகம். வாங்கும் யோசனையில் இருக்கும் இரண்டு மூன்று நண்பர்கள் கேட்டதால், எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

எண் போடும் பழக்கம் போட்டோவோடு பிறந்ததில்லை. செப்புத் தகட்டில் கீறி மை தடவி அச்சிடும் ஓவியர்களிடமிருந்து வந்தது. அங்கே அதற்கு நியாயமான காரணம் இருந்தது. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் தகடு தேயும், மெல்லிய கோடுகள் மழுங்கும். அதனால் முதலில் எடுத்த பிரதிகளுக்கு மதிப்பு அதிகம். போட்டோ நெகட்டிவ் அப்படித் தேயாது. இன்றைய டிஜிட்டல் ஃபைலுக்குத் தேய்மானம் என்ற பேச்சே கிடையாது. 3/50க்கும் 48/50க்கும் தரத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. ஆகவே போட்டோவில் 'லிமிடெட் எடிஷன்' என்பது, இதற்கு மேல் போட மாட்டேன் என்று எடுத்தவர் தரும் வாக்கு. அவ்வளவுதான். அந்த வாக்கை உயிராக நினைத்தவர்கள் இருக்கிறார்கள். பிரெட் வெஸ்டன் என்ற அமெரிக்கப் போட்டோகிராபர் 1991இல் தன் எண்பதாவது பிறந்தநாளன்று நெகட்டிவ்களைத் தீயில் போட்டார். என் படத்துக்கு என்னைத் தவிர வேறு யாரும் பிரிண்ட் போடக் கூடாது என்பது அவர் கட்சி.

வாக்கு எதுவரைக்கும் செல்லும் என்று நீதிமன்றத்திலேயே ஒரு வழக்கு நடந்திருக்கிறது. மலைப் படம் இல்லை, ஆனாலும் வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. அமெரிக்கப் போட்டோகிராபர் வில்லியம் எகிள்ஸ்டனின் கலர் படங்களை ஜோனதன் சோபெல் என்பவர் பல வருடங்களாகச் சேகரித்து வந்தார். அவற்றில் சில, டை டிரான்ஸ்ஃபர் என்ற பழைய முறையில் போட்ட எண்ணிட்ட பிரிண்டுகள். 2012இல் எகிள்ஸ்டன் தரப்பு அதே படங்களில் சிலவற்றைப் பெரிய அளவில், இங்க்ஜெட்டில், புது எடிஷனாகப் போட்டு கிறிஸ்டீஸ் ஏலத்தில் விட்டது. 36 பிரிண்டுகள் ஏறக்குறைய 59 லட்சம் டாலருக்குப் போயின. என்னிடம் இருப்பதன் மதிப்பைக் குறைத்துவிட்டார்கள் என்று சோபெல் வழக்குப் போட்டார். 2013இல் அது தள்ளுபடி ஆனது. அளவும் வேறு, முறையும் வேறு, ஆகவே இது வேறு எடிஷன் என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

அந்த வழக்கைப் பற்றிப் படித்த பிறகு, யாரிடம் வாங்கினாலும் இதைத்தான் கேட்கிறேன்: இந்த ஐம்பது என்பது இந்த அளவுக்கு மட்டுமா, எல்லா அளவுக்கும் சேர்த்தா? பதினாறுக்கு இருபது அங்குலத்தில் ஐம்பது, இருபத்துநாலுக்கு முப்பதில் ஐம்பது, அப்புறம் மெட்டலில் தனி, அக்ரிலிக்கில் தனி, கேன்வாஸில் தனி என்று போட்டுக்கொண்டே போனால் ஐம்பதுக்கு என்ன பொருள்? ஆர்ட்டிஸ்ட் ப்ரூஃப், அதாவது இந்தக் கணக்கில் சேராமல் எடுத்தவர் தனக்கென வைத்துக்கொள்ளும் பிரதி என்று ஏ.பி. எழுத்துப் போட்டு எத்தனை வைத்திருக்கிறீர்கள்? நல்லவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டால் சந்தோஷப்படுவார்கள், உடனே எழுதித் தருவார்கள். ஒரு சுற்றுலா ஊர்க் கேலரியில் இதே கேள்விக்கு, "கவலைப்படாதீங்க, இது நல்ல முதலீடு" என்று பதில் வந்தது. வெளியே வந்துவிட்டேன். கலிபோர்னியா, நியூயார்க் இரண்டிலுமே எண்ணிட்ட பிரதிகளை விற்பவர் எடிஷன் விவரங்களை எழுத்தில் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதனால் இந்தக் காகிதத்தைக் கேட்க யாரும் கூச்சப்படத் தேவையில்லை.

சரி, எண்ணே இல்லாத படத்துக்கு மதிப்பு கிடையாதா? ஆன்சல் ஆடம்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். மலைப் படம் என்றாலே உலகம் முழுக்க முதலில் சொல்லப்படும் பெயர். பெரும்பாலான படங்களுக்கு அவர் எடிஷன் எண்ணே போடவில்லை. கேட்டவர்களுக்குப் போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். 1975ஓடு இனி ஆர்டர் எடுப்பதில்லை என்று அறிவித்தபோது வந்து குவிந்த ஆர்டர்களை முடிக்க அவருக்கு அதன் பிறகும் வருடங்கள் பிடித்தன. 1941இல் நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூருக்கு மேல் நிலா எழும் படம், பின்னால் பனிமலை வரிசை, முன்னால் கல்லறைச் சிலுவைகள். அந்த ஒரு நெகட்டிவிலிருந்து மட்டும் 1,300க்கும் மேல் பிரிண்ட் போட்டிருக்கிறார். அதில் ஒன்று 2006இல் ஆறு லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது.

ஆயிரத்து முந்நூறும் ஒன்றுபோல இருக்காது. அதுதான் என்னைப் பிடித்து இழுத்தது. ஆரம்ப காலப் பிரிண்டுகளில் வானம் சாம்பல் நிறமாக இருக்கும், மேலே மேகக் கீற்றுகள் தெரியும். முன்பக்கம் நெகட்டிவ் மெலிதாக இருந்ததால் 1948இல் அந்தப் பகுதிக்கு மட்டும் ரசாயனம் கொடுத்து அடர்த்தியைக் கூட்டினார். அதற்கப்புறம் போட்டவற்றில் வானம் கறுத்துக்கொண்டே போய், கடைசிக் காலப் பிரிண்டுகளில் ஒரே இருட்டாகி, நிலா மட்டும் தனியாக நிற்கும். பியானோ படித்தவர் என்பதால் நெகட்டிவை இசைக்குறிப்பு என்றும் பிரிண்டைக் கச்சேரி என்றும் சொல்வார். ஒரே ராகத்தை ஒரே பாடகர் முப்பது வயதிலும் எழுபது வயதிலும் பாடியதைக் கேட்டவர்களுக்கு இது விளக்காமலே புரியும்.

இதை நான் புத்தகம் படித்துத் தெரிந்துகொண்டதை விட என் அப்பாவிடம் தெரிந்துகொண்டதுதான் அதிகம். தென்காசியில் அப்பா போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். டார்க் ரூமில் சிவப்பு விளக்கு, படத்தை நிலைக்க வைக்கும் ஹைப்போ ரசாயனத்தின் வாசனை, ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த 'இந்து' பேப்பர். நெகட்டிவைப் பேப்பரில் பெரிதாக விழவைக்கும் என்லார்ஜர் வெளிச்சத்துக்குக் கீழே அவர் கை ஆடிக்கொண்டே இருக்கும். முகம் கறுத்துப் போகாமல் இருக்க அங்கே மட்டும் விரலால் மறைப்பார். பின்னணிக்கு மட்டும், அட்டையில் ஓட்டை போட்டு அதன் வழியே கூடுதலாக லைட் கொடுப்பார். கல்யாணப் பெண்ணின் நெகட்டிவை வைத்துக்கொண்டு கூர்மையான பென்சிலால் மணிக்கணக்கில் டச்சிங் செய்வார். அன்று எனக்கு அது அப்பாவின் வேலை, அவ்வளவுதான்.

அவர் கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட் வந்திருந்தபோது, சியராவில் இருக்கும் யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப் போனேன். பள்ளத்தாக்கின் உள்ளேயே ஆன்சல் ஆடம்ஸ் கேலரி இருக்கிறது. 1902இல் ஹாரி பெஸ்ட் என்ற ஓவியர் தொடங்கிய கடை. அவர் மகள் வர்ஜீனியாவைத்தான் ஆடம்ஸ் 1928இல் அந்த ஸ்டுடியோவிலேயே கல்யாணம் செய்துகொண்டார். இன்றும் குடும்பத்தார் கையில்தான் இருக்கிறது. அங்கே 'யோசெமிட்டி ஸ்பெஷல் எடிஷன்' என்று ஒரு வரிசை விற்கிறார்கள். 1950களின் கடைசியில் ஆடம்ஸே ஆரம்பித்தது. பூங்காவுக்கு வருகிறவர்கள் தாங்கக்கூடிய விலையில் நிஜமான ஒரு பிரிண்டை எடுத்துப் போக வேண்டும் என்பது அவர் நோக்கம். அவருடைய அசல் நெகட்டிவிலிருந்தே, அவரிடம் உதவியாளராக இருந்த ஆலன் ராஸ் 1975லிருந்து டார்க் ரூமில் ஒவ்வொன்றாகப் போட்டு வருபவை. பேப்பரில் வெள்ளி உப்பு, ஹைப்போ, கழுவல், உலர்த்தல் எல்லாம் பழைய முறைதான். எண் கிடையாது, இத்தனைதான் என்ற வரம்பும் கிடையாது.

அப்பாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. கடைக்காரப் பெண்மணி சொல்வதை நான் மொழிபெயர்க்கும் முன்பே மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படத்துக்குப் பக்கத்தில் போய்விட்டார்.

"பாறை ஓரத்துக்கு மட்டும் தனியா லைட் குடுத்திருக்காரு பாரும்மா. இங்க மறைச்சிருக்காரு. இதுல ஆளோட கை இருக்கு."

"எப்படிப்பா தெரியுது?"

"வெள்ளைக்குள்ள வெள்ளை தெரியுதுல்ல? பனி எங்கயாச்சும் வெறும் பேப்பரா நிக்குதா பாரு. நிக்கல. அதுக்குத்தான் கை வேணும்."

மலைப் படத்துக்கு இதைவிடச் சரியான சோதனை எனக்குத் தெரியாது. பனி என்பது வெறும் வெள்ளை இல்லை. வெயில் பட்ட பனி, நிழல் பனி, காற்று சீவிய பனி எல்லாமே வெள்ளைக்குள் நுணுக்கமான வித்தியாசங்கள். மோசமான பிரிண்டில் சிகரத்தின் வெயில் பக்கம் வெறும் பேப்பராக, ஒரு தகவலும் இல்லாமல் நிற்கும். எதிர்ப்பக்கத்தில் நிழல் விழுந்த பள்ளத்தாக்கு மையைக் கொட்டியது மாதிரி மூடிப் போயிருக்கும். நல்ல பிரிண்டில் இருட்டுக்குள் ஒரு பைன் மரம் தெரியும்.

அங்கேதான் அப்பாவுக்கு, யோசெமிட்டியின் ஹாஃப் டோம் என்ற பெரும் பாறையை ஆடம்ஸ் எடுத்த படத்தின் கதையைச் சொன்னேன். 1927 ஏப்ரலில் இருபத்தைந்து வயது ஆடம்ஸ், வர்ஜீனியாவும் நண்பர்களுமாக, கனத்த வியூ கேமராவையும் பன்னிரண்டு கண்ணாடி பிளேட்டுகளையும் சுமந்துகொண்டு பனியில் ஏறினார். அந்தப் பாறை முகத்துக்கு எதிரே வெயில் திரும்பும் நேரத்தில் கையில் மிஞ்சியது இரண்டே பிளேட். முதலில் மஞ்சள் ஃபில்டரில் எடுத்தார். எடுத்த கணமே வானம் சாதாரணமாக வந்துவிடும், மனசில் இருப்பது வராது என்று தெரிந்துவிட்டது. கடைசி பிளேட்டுக்கு அடர்சிவப்பு ஃபில்டர் போட்டார். நீல வானம் கிட்டத்தட்டக் கறுப்பாக விழுந்தது. அப்பா தன் ஸ்டுடியோவில் மேகத்துக்காக மஞ்சள் ஃபில்டர் வைத்திருந்தவர். "ரெண்டு பிளேட்ட வச்சிக்கிட்டு சிவப்பு போட ஒரு தைரியம் வேணும்" என்று மட்டும் சொன்னார். லோன் பைன் ஊரிலிருந்து ஆடம்ஸ் 1944இல் எடுத்த குளிர்காலச் சூரிய உதயப் படத்தில், பள்ளிப் பிள்ளைகள் குன்றின் மேல் வெள்ளைக் கல்லால் பெரிதாக எழுதியிருந்த ஊரின் முதலெழுத்துகளை ஆடம்ஸ் நெகட்டிவில் அடித்து மறைத்துவிட்டார் என்றதும், டச்சிங் வேலை செய்த மனிதருக்கு முகமெல்லாம் சிரிப்பு. படம் இயற்கையை அப்படியே காட்ட வேண்டும் என்று வாதாடுகிறவர்கள் இதைக் குறை சொல்வார்கள். நான் அப்பா பக்கம்தான்.

அன்று ஸ்பெஷல் எடிஷன் ஒன்று வாங்கினோம். அது இப்போது தென்காசி வீட்டில் இருக்கிறது.

எண் போட்ட படமும் வாங்கியிருக்கிறேன், அதையும் சொல்ல வேண்டும். சியராவின் கிழக்குப் பக்கம், 395ஆம் நெடுஞ்சாலை ஓரமாக இருக்கும் ஊர்களில் நிறைய போட்டோகிராபர்கள் குடியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் எடுத்த மவுண்ட் வில்லியம்சன். 14,000 அடிக்கு மேல் உயரம், ஓவன்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து ஒரே மூச்சில் செங்குத்தாக எழும்பும் மலை. பனிப்புயல் விலகுகிற விடியலில் எடுத்திருந்தார். இணையத்தில் பார்த்தேன், உடனே வாங்கவில்லை. திரைக்குப் பின்னால் வெளிச்சம் இருப்பதால் எந்தப் பனியும் ஜொலிக்கும். பேப்பருக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. போன் செய்து பேசினேன். எல்லா அளவும் சேர்த்து மொத்தம் 25தான், அதற்கு மேல் இரண்டு ஆர்ட்டிஸ்ட் ப்ரூஃப், மெட்டலும் கேன்வாஸும் கிடையாது என்றார். பிக்மென்ட் இங்க், தன் வீட்டு பிரிண்டரிலேயே தானே போடுவதாகச் சொன்னார். என்ன பேப்பர் என்று கேட்டதும் மனிதர் மலர்ந்துவிட்டார். அரைமணி நேரம் அதையே பேசினோம்.

பேப்பர் விஷயத்தில் நானும் பிடிவாதக்காரி. படத்தில் இருக்கும் அதிகபட்ச வெள்ளை என்பது அந்தப் பேப்பரின் வெள்ளைதான், அதைத் தாண்டி எந்தப் பனியும் போக முடியாது. ஹானமூலே கம்பெனியின் ஃபோட்டோ ராக் மாதிரி நூறு சதவீதம் பருத்தியில் செய்த மேட் பேப்பர்கள் தொட்டால் கனமாக, மென்மையாக இருக்கும், பளபளப்பு இருக்காது. மூடுபனி, மெல்லிய வெளிச்சம் இவற்றுக்கு அழகாகப் பொருந்தும். ஆனால் அவற்றில் கறுப்பு அவ்வளவு ஆழமாக இறங்காது. பேரியம் சல்பேட் பூசிய பரைட்டா பேப்பரில் கறுப்பு நன்றாக இறங்கும், பழைய டார்க் ரூம் பிரிண்டின் சாயல் வரும். பாறையும் பனியும் மோதுகிற படத்துக்கு அதுதான். இன்னொன்று, சில பேப்பர்களைக் கண்ணைப் பறிக்கும் வெள்ளையாகக் காட்ட ஒரு ரசாயனம் சேர்ப்பார்கள். வருடங்கள் ஆக ஆக அதன் வீரியம் போய்ப் பேப்பர் மஞ்சளிக்கும். மற்ற படங்களுக்கு எப்படியோ, பனிமலைக்கு அது பெரிய நஷ்டம். அதனால் அது இல்லாத பேப்பரா என்று கேட்டுவிடுவேன்.

அவர் சிகரப் பகுதியை மட்டும் சின்னத் துண்டாக இரண்டு பேப்பரில் போட்டுத் தபாலில் அனுப்பினார். ஜன்னல் ஓரத்தில் ஒரு முறை, ராத்திரி ஹால் விளக்கில் ஒரு முறை வைத்துப் பார்த்தேன். மஞ்சள் எல்.இ.டி. வெளிச்சத்தில் பனி பழுப்படித்தது. படத்தின் கோளாறு இல்லை, விளக்கை மாற்றினால் சரியாகிவிடும், மாற்றிவிட்டேன். பரைட்டாவில் பதினாறுக்கு இருபது அங்குலம் வாங்கினேன். ஃப்ரேம் இல்லாமல் 400 டாலர். என் பட்ஜெட்டுக்குப் பெரிய தொகைதான், ஆனால் அந்த மனிதரின் நேரத்துக்கு அது நியாயமான விலை. விற்க விற்க விலை ஏறும் என்று சிலர் ஏணிப்படி விலை வைக்கிறார்கள். முந்தினால் லாபம் என்று அவசரப்படுத்தும் எந்தப் படத்துக்கும் நான் ஒரு வாரம் அவகாசம் கொடுத்துவிடுவேன். ஒரு வாரம் கழித்தும் மனசில் நின்றால் பார்க்கலாம்.

ஃப்ரேம் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அடையாறில் இருக்கும் என் அக்காவுக்கு ஒரு படம் கொடுத்தபோது முதலில் சொன்னது, "அக்கா, ஹார்ட்போர்டில் ஒட்ட மட்டும் விடாதே" என்றுதான். பல கடைகளில் பிரிண்ட் முதுகு முழுக்கப் பசை தடவி ஒட்டிவிடுவார்கள். சுருக்கம் வராது, உண்மைதான். ஆனால் பிறகு யாராலும் பிரித்து எடுக்க முடியாது, விற்கும் மதிப்பும் போய்விடும். மேல் விளிம்பில் இரண்டே இடத்தில் ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுப் பசையும் வைத்துத் தொங்கவிட வேண்டும். படத்தைச் சுற்றி ஓரமாக வைக்கும் மவுண்ட் அட்டை அமிலம் இல்லாததாக வேண்டும், இல்லாவிட்டால் ஓரங்கள் பழுக்கும்.

"கண்ணாடி போடாம வைக்கலாமா? மினுமினுன்னு அடிக்குதே" என்று கேட்டாள்.

சென்னைக் கடல் காற்றுக்கும் ராமபாணப் பூச்சிக்கும் கண்ணாடி இல்லாமல் முடியாது. ஆனால் கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. ஈரப்பதத்தில் பிரிண்டின் மேற்பரப்பு கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிறகு கிழித்துத்தான் எடுக்க வேண்டும். மவுண்ட் அட்டை வைப்பது அழகுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், அந்த இடைவெளிக்காகவும்தான். புற ஊதாவைத் தடுக்கும் அக்ரிலிக் கிடைத்தால் இன்னும் நல்லது. குளியலறைக்கு ஒட்டிய சுவர் வேண்டாம், மேற்கு வெயில் விழும் சுவர் வேண்டாம். ஃப்ரேமின் பின்புறம் கீழ் மூலைகளில் சின்ன ரப்பர் வைத்தால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். அக்கா வடக்குச் சுவரில் மாட்டியிருக்கிறாள், இதுவரை ஒரு பூஞ்சைப் புள்ளிகூட இல்லை.

எனக்கு வாங்க ஆசை இருந்தும் வழியில்லாமல் இருப்பது விட்டோரியோ செல்லா எடுத்த இமயமலைப் படங்கள். இத்தாலியின் பியெல்லா ஊர்க்காரர். 1899இல் கஞ்சன்ஜங்காவைச் சுற்றி வந்த, மலையேறி ஃப்ரெஷ்ஃபீல்டின் குழுவோடு போய் சிக்கிமில் சினியோல்சு சிகரத்தை எடுத்தார். 1909இல் கே2 பயணத்திலும் இருந்தார். ஆன்சல் ஆடம்ஸே வியந்து எழுதிய மனிதர். அவருடைய பழைய பிரிண்டுகள் அவ்வப்போது ஏலத்துக்கு வருகின்றன. எடிஷன் எண் எதுவும் இருக்காது. வாங்க முடியாவிட்டாலும், ஏலத்துக்கு முந்தைய சில நாட்கள் யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பார்க்கலாம், டிக்கெட் கிடையாது. சுவரில் மாட்டாத படத்தையும் கேட்டால் எடுத்துவந்து மேசையில் வைத்துக் காட்டுவார்கள். முதன்முதலாக மலைப் படம் வாங்கப் போகிறவர்கள் கடைக்குப் போகும் முன் அங்கே ஒரு மதியம் செலவழித்துவிட்டு வாருங்கள்.